டாங்க் நிறைந்தால் நின்றுபோகும் வண்டி

எழுபதைத் தாண்டிய என் சேக்காளிகளே, நம் பேரப்பிள்ளைகள் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்புகிறார்கள். கிளம்பவில்லை என்றால் போனில் யாரையோ கூப்பிடுகிறார்கள். அவன் வந்து வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வண்டி ஏன் நின்றுபோகிறது என்று ஒரு குடும்பமே மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட கதை என்னிடம் இருக்கிறது. நம் தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதி தப்பாகத் தெரியும். அன்று அந்த வண்டியில் உட்கார்ந்து போனவள் நான், அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்தது. அப்பா துறைமுக வேலையில் ஓவர்சியர். கப்பல் அணைகிற ஜெட்டிக்குக் கருங்கல் தேவைப்பட்டது. ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளிக் காட்டுக்குள் குவாரி திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஓவர்சியர் வேண்டும், அவரிடம் சொந்த வண்டி இருக்க வேண்டும், தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வேறு ஓர் உத்தரவு மேசையில் தயாராக இருந்தது. அது தெற்கே இன்னொரு தீவான கார் நிக்கோபாருக்கு மாற்றல்.

கார் நிக்கோபாருக்கு அப்பா போனால் அம்மாவும் போகலாம். நான் போக முடியாது. என் வகுப்புக்குத் தமிழில் படிக்க அங்கே அப்போது வழியில்லை. என்னை மெட்ராஸ் கப்பலில் ஏற்றி, திருச்சிப் பக்கம் பெரியப்பா வீட்டில் விடுவது என்று பேச்சாகியிருந்தது. உங்களுக்குத் தெரியும், குவார்ட்டர்ஸில் எத்தனை பிள்ளைகள் அப்படிப் போனார்கள் என்று. எதிர் வீட்டு அக்கா முந்தின வருஷம் போனாள். அவள் அம்மா ஜெட்டியில் கப்பல் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாளாம். அக்காவின் கடிதம் கப்பலுக்குக் கப்பல் வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாக. எனக்குப் பயமாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"பிள்ளையைக் கப்பல்ல ஏத்த மாட்டேன். வண்டி வாங்குங்க" என்றாள் அம்மா. அப்பா வாங்கினார்.

அது போர்க்காலத்து மோட்டார் சைக்கிள். ராணுவம் போகும்போது ஏலத்தில் விட்டது. மேலே கறுப்புப் பெயின்ட். எங்கே சுரண்டினாலும் அடியில் ராணுவப் பச்சை தெரியும். ஏலத்தில் எடுத்தவர் குவாரிக்குப் போகிற வழியில் ஏழாவது மைலில் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒருவர். பதினைந்து வருஷம் ஓட்டினார். உதைத்து உதைத்து முழங்கால் போனதால் விற்றார். அவர் நம்மைப் போல மெயின்லேண்டிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர் இல்லை. அவருடைய தாத்தாவை வெள்ளைக்காரன் கைதியாகக் கொண்டுவந்து இறக்கினான். அந்தக் குடும்பம் இங்கேயே வேர்விட்டது. தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். அம்மா அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டு, என்னை 'மாமா' என்று சொல்லச் சொன்னாள். அப்பா 'அந்த ஆள்' என்பார்.

நம் குவார்ட்டர்ஸ் வீடுகள் மரத்தூண்கள் மேல் நின்றன இல்லையா, அந்தத் தூண்களுக்கு நடுவே, வீட்டுக்கு அடியில்தான் வண்டிக்கு இடம். அங்கேதான் ஒர்க்‌ஷாப்பும். கோணிச் சாக்கை விரித்து அப்பா ஸ்பேனர்களை வரிசையாக அடுக்குவார், ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி. பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பிளாட்டினம் பாயின்ட்டுக்கு இடைவெளி வைக்க அளவுத் தகடு கிடையாது. ஒரு போஸ்ட்கார்டை நடுவில் நுழைத்து, இறுகாமலும் நழுவாமலும் இருந்தால் சரி என்று வைத்துக்கொள்வார். பெரியப்பா எழுதிய போஸ்ட்கார்டுகள் இந்த வேலைக்கு ரொம்பப் பயன்பட்டன. உதிரிப் பாகம் எதுவானாலும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அது வருவதற்குள் அடுத்த பாகம் போய்விடும். அதனால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருந்தோம்.

மழைக்காலத்தில், பொறிக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோ ஈரம் குடித்துவிடும். பொறி வராது. அப்பா அதைக் கழற்றி மாடிப்படி ஏறி அடுக்களைக்கு வந்து, இறக்கிவைத்த தோசைக்கல்லின் இளஞ்சூட்டில் துணி விரித்து அதன் மேல் வைத்துவிடுவார்.

"இதை இங்க வெச்சா நாளைக்குத் தோசையும் உதைச்சாத்தான் கிளம்பும்" என்பாள் அம்மா.

இப்படிச் சொல்வாளே தவிர, அதைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பிவைத்துப் பதமாகக் காயவைப்பதும் அவள்தான். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று நம் அம்மாக்களுக்கு எந்த என்ஜினீயரைவிடவும் நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை அரிவாள்மணை, தையல் மெஷின், டிரங்குப் பெட்டிக் கீல் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் பூசுவாள். வண்டி வந்ததும் அதற்கும் பூசினாள். அரிசி டப்பாவிலோ பருப்பு டப்பாவிலோ துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், மெயின்லேண்டுப் பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி ஒரு சொட்டு விடுவாள். அடுத்த கப்பல் வரும்வரை அந்த அரிசிதானே நமக்குக் கதி. எங்கள் வீட்டுத் தகரங்கள் எல்லாம் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வாங்கிய முதல் மாதம் வண்டி தங்கமாக ஓடியது. அப்பா குவாரிக்குப் போனார், வந்தார். மே மாதம் மழை பிடித்தது. முதல் வாரமே பெட்ரோலில் தண்ணீர் கலந்தது. அப்பா கார்பரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். அடியில் கண்ணாடி மணி மாதிரி தண்ணீர் முத்துகள் உருண்டன. "மூடி வழியாத்தான் மழை எறங்குது" என்று சொல்லி, மூடிக்கு அடியில் புதுத் தக்கை வெட்டிப் போட்டார். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. "பாத்தியா, என் கை வேலை" என்றார். அம்மா சிரித்துக்கொண்டாள்.

தண்ணீர் நின்றது, கூடவே வண்டியும் நிற்க ஆரம்பித்தது.

சும்மா நிற்கவில்லை. அதில் ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. நன்றாகக் கிளம்பும். ஒரு மைலோ மூன்று மைலோ போகும். அப்புறம் இருமும், திக்கும், அணைந்துவிடும். அப்பா இறங்கி டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மூடிவிட்டு நாலு உதை உதைப்பார். ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம். மறுபடி இருமல். பள்ளிக்கூடத்துக்கு என்னை அபர்டீன் பஜார் வரை ஏற்றிப்போகிற நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் பார்த்தேன். டாங்க் பாதியாக இருக்கிற நாளில் வண்டி தூரம் போகும். நிறைந்திருக்கிற நாளில் முதல் ஏற்றத்திலேயே படுத்துவிடும். அப்பாவிடம் சொன்னேன்.

"பெட்ரோல் நெறைய இருந்தா வண்டி நிக்குமா? போடி, கணக்குப் போட்டுப் படி" என்றார்.

அவர் பாவம். என்ஜினீயர் வருகிற நாளில், முக்கியமான நாளில், எந்தக் குறையும் இருக்கக்கூடாது என்று கழுத்து வரைக்கும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போவார். அந்த நாளில்தான் வண்டி சீக்கிரம் நிற்கும். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாரோ அவ்வளவுக்குக் கெட்டுப்போனது. பிளக்கை மாற்றினார். பாயின்ட்டைத் தேய்த்தார். மேக்னெட்டோவை மூன்று தடவை தோசைக்கல்லில் வாட்டினார். பெட்ரோல் குழாயை ஊதி ஊதிக் கன்னம் வலித்தது.

மூன்றாவது முறை அவர் சட்டையெல்லாம் சேறாக, பத்து மணிக்குக் குவாரியில் நடந்து போய் நின்றபோது என்ஜினீயர் சொன்னது இவ்வளவுதான்: திங்கட்கிழமை எட்டு மணிக்கு வண்டியோடு வர வேண்டும். இல்லாவிட்டால் மாற்றல் உத்தரவில் கையெழுத்து. மெட்ராஸ் கப்பல் அதற்கடுத்த வாரம். அம்மா அன்று சாயங்காலம் என் பாவாடைகளை எடுத்து மடித்தாள். மடித்ததைத் திரும்ப உதறிக் கொடியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏமாத்திட்டான் அந்த ஆள்" என்றார் அப்பா. "எங்கயோ கோளாறை மறைச்சு வித்திருக்கான்." பஸ் டிரைவர் மூலம் அவருக்குச் சொல்லி அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லி.

மாமா வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து, கையில் எங்களுக்கு நாலு இளநீரோடு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்தார், மூடினார். பிளக்கைப் பார்த்தார், பொறியைப் பார்த்தார். டாங்கில் பாதிதான் இருந்தது. வலிக்கிற காலாலேயே உதைத்துக் கிளப்பி, பஜார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, வீட்டுக்கு அடியில் நிறுத்தினார். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

"நம்ம காடி பில்குல் டீக் சார்" என்றார். "வண்டில ஒரு கோளாறும் தெரியலை."

நான் மேலே அடுக்களையில் அம்மா பக்கத்தில் இருந்தேன். பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே பேசுவது எல்லாம் கேட்கும்; மூன்று பேரின் தலையும் தெரியும், வண்டியையும் ஒரு தலையாகக் கணக்கு வைத்தால்.

"அப்படின்னா நேத்து ஏன் நின்னுது?"

"மாலூம் நஹி சார், தெரியலை. பதினஞ்சு வருஷம் என்கிட்ட இருந்துது. வழில ஒருநாள் நின்னதில்ல."

"விக்கறவன் எவன்தான் நின்னுதுன்னு சொல்லுவான். என் குடும்பமே இதுல தொங்குது, தெரியுமா? கைதியா வந்த வம்சம்தானே. புத்தி எங்க போகும்."

மாமா கையிலிருந்த எண்ணெய்த் துணியை நாலாக மடித்தார். "எங்க தாத்தா கைதிதான் சார். அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா காடியை வித்தது நான். நான் பொய் சொல்லலை" என்றார்.

கைதி வம்சம் என்கிற அந்த வார்த்தையை அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் நானும் சொல்லியிருக்கிறேன், உங்களில் சிலரும் சொல்லியிருக்கிறீர்கள். உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறி வந்துவிட்டால் நாம் ஏதோ உசத்தி என்று ஒரு நினைப்பு. இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது அந்த இடுக்கு வழியாக மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

அம்மா மாமாவுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நமக்கெல்லாம் பால் என்றால் டப்பாப்பால்தான். ஆணியை வைத்துக் கல்லால் தட்டி டப்பாவில் ஒரு ஓட்டை போட்டாள். கவிழ்த்தாள். ஒரு சொட்டு வந்து நின்றது. கீழே நடந்த பேச்சில் அவளுக்குக் கை ஓடவில்லை. எப்போதும் போடுகிற இரண்டாவது ஓட்டையை மறந்துவிட்டாள். மறுபடி ஆணியை வைத்து எதிர்ப்பக்கம் ஒன்று போட்டாள். பால் கொடியாக இறங்கியது. அம்மா அதையே பார்த்தாள். டம்ளர் நிறைந்து வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

டப்பாவை வைத்துவிட்டு, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு அம்மா கீழே இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"மூடியைத் தொடாதீங்க" என்றாள் அப்பாவிடம். அவளே குனிந்து டாங்க் மூடியின் நடுவில் ஊக்கு முனையால் சுரண்டினாள். முதலில் கறுப்பாகக் கரிப்பூச்சு வந்தது. அடியில் சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. அரக்கு. ஊக்கு இறங்கிய இடத்தில் 'உஸ்' என்று காற்றை இழுக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இதை அடைச்சது நான்" என்றாள் அம்மா. "மழைத்தண்ணி எறங்குதுன்னு சொன்னீங்க. பாத்தேன், இதுல ஊசி ஓட்டை இருந்துது. துருப்பிடிச்சு விழுந்துதுன்னு நெனச்சு அரக்கு விட்டேன். செவப்பாத் தெரிய வேணாம்னு கரியும் எண்ணெயும் கொழைச்சுப் பூசினேன்." பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, பால் டப்பாவுக்கு ரெண்டு ஓட்டை வேணும். இதுக்கும் காத்து போக ஒண்ணு வேணும்தானே?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சஹி பாத், சரிதான் தங்கச்சி. அது காத்து ஓட்டை. பெட்ரோல் கீழ எறங்க எறங்க மேல காத்து வரணும். வரலைன்னா பெட்ரோல் பிடிச்சுக்கும், எறங்காது." அப்புறம் அவரே சொன்னார், "மழைல நிறுத்தறப்ப அது மேல நான் ஒரு கொட்டாங்கச்சியைக் கவுத்து வெச்சிடுவேன். விக்கறப்ப அதைச் சொல்ல மறந்துட்டேன். கல்தி எனக்கும் இருக்கு, என் தப்பும்தான்."

நான் சொன்னதும் சரியாகப் போயிற்று. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதுமே பிடித்துக்கொள்ளும். பாதி இருந்தால் உள்ளே இருக்கிற காற்றை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தாரே, அப்போது காற்று உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். மூன்று வாரம் மருந்தைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு நோயைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

தன் தப்பென்று ஒருவர் சொல்லிவிட்டார், தன் தப்பும் உண்டு என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். மூன்றாமவர் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். மாமா அம்மாவின் முகத்துக்காகத் தேநீரைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அப்பா வழியனுப்பப் போகவில்லை.

சாயங்காலம் அம்மா சொன்னாள்: "நான் அடைச்சதை நான் குத்தி எடுத்துட்டேன். நீங்க சொன்னதை நீங்கதான் எடுக்கணும்."

"நாளைக்கு எட்டு மணிக்கு என்ஜினீயர் நிக்கப்போறார். இப்ப இதுதான் கவலையா?" என்றார் அப்பா.

"வண்டி ஓடுதான்னு நானும் வந்து பாக்கறேன். என்னால வழியில நின்னுதுன்னா நானே எறங்கித் தள்ளறேன்."

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் போர்க்காலத்து வண்டியில் மூன்று பேர் கிளம்பினோம். டாங்க் மேல் கோணியை மடித்துப்போட்டு நான். நடுவில் அப்பா. பின்னால் கேரியரில் போர்வையை மடித்துப்போட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து, கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. டாங்க் கழுத்து வரை நிறைந்திருந்தது. அம்மாதான் நிரப்பச் சொன்னாள். ஜெட்டிக்குப் போகிற ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். முதல் ஏற்றம் வந்தது. எப்போதும் நிற்கிற இடம் அது. என் தொடைக்கு அடியில் டாங்க் சூடாக அதிர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறியது. இரண்டாவது ஏற்றமும் ஏறியது. மூன்றாம் மைல் போயிற்று, ஐந்தாம் மைல் போயிற்று. அப்பா மெதுவாகச் சீட்டியடிக்க ஆரம்பித்தார்.

ஏழாவது மைலில் மாமாவின் தென்னந்தோட்டத்து மூங்கில் படல் தெரிந்தது. அம்மா அப்பாவின் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க."

"இப்பவா? மணி ஏழரை ஆச்சு. நின்னா திரும்பக் கிளம்புமோ என்னவோ."

"வண்டி இனிமே நிக்காது. நீங்க நில்லுங்க."

என் வாழ்க்கை முழுவதும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், அப்பா அந்த நேரத்தில் நேரே போயிருக்கலாம். அவர் கையில்தான் வண்டி இருந்தது. போயிருந்தால் அவரைக் குறை சொல்லவும் யாருக்கும் வாய் வந்திருக்காது. என் தலையெழுத்தும் அந்த எட்டு மணியில்தான் இருந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, படலோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

மாமா தோட்டத்தின் கடைசியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டம்மா போய்க் கூப்பிட்டு, அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாஃப் கர்னா பாய்" என்றார். ஆபீஸில் கூலியாட்களிடம் பேசுகிற இந்தி. அதில் மன்னிப்புக் கேட்டால் குறைவாக வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மாமா அவரை நேராகப் பார்த்தார். "தமிழ்லயே சொல்லுங்க சார். எனக்குப் புரியும்."

அப்பாவின் காது சிவந்தது. அப்புறம் சொன்னார்: "உங்க வம்சத்தைச் சொன்னது தப்பு. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"போதும் சார்" என்றார் மாமா. "நேரமாகுது, போங்க."

அப்பா உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். ஐந்து, ஆறு. மாமா கிட்டே வந்து, கைப்பிடியில் இருந்த ஒரு சின்ன நெம்புகோலைப் பாதி பின்னுக்குத் தள்ளினார். "சூட்டுல இது அடம் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசாத் திறந்து ரெண்டு உதை, அப்புறம் மூடிட்டு ஒரு உதை." அப்பா அப்படியே செய்தார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது.

"நானும் இவளும் இங்கயே இருக்கோம். பாரம் குறையும். நீங்க போங்க" என்றாள் அம்மா.

அன்று பகல் முழுக்க மாமா வீட்டில் இருந்தோம். அவர் வீட்டம்மா கடலோரத்து மீனைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தார். அம்மா சாப்பிட்டேன் என்று பேர் பண்ணினாள். மழை வந்து போயிற்று. எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் நான் படலுக்கு ஓடினேன். அம்மா ஓடவில்லை, இருந்த இடத்திலேயே தலையை மட்டும் நிமிர்த்துவாள். பெரியப்பா வீட்டில் எனக்கு எந்த மூலையில் படுக்கை போடுவார்கள் என்றுகூட நான் யோசித்து முடித்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமா தேங்காயைக் கீழே வைத்தார். "நம்ம காடி" என்றார். கொஞ்சம் பொறுத்து எங்களுக்கும் கேட்டது. திக்கல் இல்லாமல், இருமல் இல்லாமல், ஒரே சீராக.

அப்பா வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் சேறு.

"எட்டேகாலுக்குப் போனேன்" என்றார் அம்மாவிடம். "என்ஜினீயர் வாசல்லயே நின்னுட்டிருந்தார். மறுபடி வண்டி நின்னு போச்சான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டி நிக்கலை சார், நான்தான் நிறுத்தினேன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டார். ஒருத்தரை அநியாயமாப் பேசிட்டேன், மன்னிப்பு கேக்க வேண்டியிருந்துதுன்னு சொன்னேன். அப்புறம் பின்னால ஏறி உக்காந்து, ஓட்டுன்னார். குவாரி ரோடு முடியற வரைக்கும் போய் வந்தோம். ஒரு எடத்துலயும் நிக்கலை."

"கையெழுத்து?"

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ படி" என்றார். இங்கிலீஷில் தட்டியிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். குவாரி என்று இருந்தது. ஹேடோ என்று இருந்தது. நிக்கோபார் என்று எங்கேயும் இல்லை. அடியில் நீல மையில் ஒரு கோணல் கையெழுத்து. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். வண்டி நின்ற மூன்று வாரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

அடுத்த வாரம் மெட்ராஸ் கப்பல் வந்தது. நான்கு நாள் நின்றுவிட்டுப் போயிற்று. நான் அதில் ஏறவில்லை.